கால் வைத்த எழுத்து

பாப்பா,

நேற்று சாப்பிடும்போது, "நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றியேப்பா" என்று கேட்டுவிட்டுப் பாதித் தட்டோடு எழுந்து போனாய். நாள் முழுக்கக் கடையில் நின்று பேசியே பிழைக்கிறவன் நான். குயர் பேப்பர் வாங்க வந்தவனை உட்கார வைத்துப் பேசிப் பேசி, அவன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகைக்கு அட்வான்ஸ் வாங்கி அனுப்பியவன். பெற்ற பெண்ணிடம் பேச மட்டும் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பம்பாய்க் கம்பெனியின் வேலைக் கடிதம் சாமி படத்தடியில் இருக்கிறது. போளூர் ரைஸ்மில்காரர் வீட்டு வரனுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று உன் மாமா ஒரு பக்கம் குதித்துக்கொண்டிருக்கிறார். அந்த வரனைப் பார்க்கச் சொன்னதே நான்தான். இரண்டில் எது என்பதை நான் முடிவு செய்துவிட்டேன். ஆனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் படிக்க மாட்டாய். சரக்கைக் காட்டாமல் விலை சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

என் கையெழுத்து கோழி கிளறின குப்பை. அதைப் படிக்கத் தெரிந்தவர் இந்த ஊரிலேயே நம் பிரஸ்ஸில் அச்சுக் கோக்கிற முனுசாமி ஒருத்தர்தான். அதனால் தாள் எழுத எழுத அவரிடம் கொடுக்கிறேன், அவர் கோத்துக்கொண்டே வருகிறார். நம் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் பத்திரிகை அடிக்கிறோம், பெரியவர் போய்விட்டாலும் கருமாதிப் பத்திரிகை அடிக்கிறோம். பெண் எடுத்த முடிவுக்கு ஒரு பத்திரிகை அடித்தால் என்ன? சொந்தக்காரர் யாராவது "ஏன், எதுக்கு" என்று கேட்டுக்கொண்டு வந்தால் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

நான் எழுத்துக்கு வந்தது எழுத்தின் மேல் ஆசைப்பட்டு அல்ல. செங்கம் ரோட்டுப் பக்கம் நம் நிலத்தில் மணிலாக் கடலை போட்டால் மழை வராது, அறுவடைக்கு எடுத்தால் வரும். அந்த மழையையே விற்கலாம் என்று கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டத்துக்குத் தலையில் போட்டுக்கொள்ள பிளாஸ்டிக் தாள் விற்றேன். தாளிலிருந்து காகிதம், காகிதத்திலிருந்து வெற்றுக் கல்யாணக் கார்டு. கார்டை நம்மிடம் வாங்கிக்கொண்டு அச்சடிக்க வேலூருக்குப் போகிறானே என்று வயிறு எரிந்து, எழுபதுகளின் நடுவில், காலால் மிதித்து ஓட்டுகிற பழைய ட்ரெடில் ஒன்றை வாங்கித் தேரடித் தெருவில் போட்டேன். எழுத்து எனக்கு ஈயம். எடை போட்டு வாங்குகிற சரக்கு. எடை போட்டு வாங்குகிற சரக்கைப் பார்த்து வாய் பிளக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இங்கிலீஷ் எழுத்து வாங்க மெட்ராஸ் போனபோது, எழுத்து வார்க்கிற கம்பெனிக்காரர் இரண்டு மாதிரித் தாளை மேசையில் போட்டு, "கால் வச்சதா, மொட்டையா?" என்று கேட்டார். மொட்டை எழுத்து குச்சியை ஒடித்து வைத்த மாதிரி, எல்லாம் ஒரே தடிமன். இன்னொன்றில் ஒவ்வொரு கோடும் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து, முடிகிற இடத்தில் சின்னதாகப் பாதம் விரித்து நின்றது. நான் அழகைப் பார்க்கவில்லை. பாங்கு பாஸ்புத்தகம் எந்த எழுத்து, கோர்ட்டு நோட்டீஸ் எந்த எழுத்து, பட்டம் வாங்கினவன் சட்டம் போட்டு மாட்டுகிற காகிதம் எந்த எழுத்து என்று யோசித்தேன். எல்லாம் கால் வைத்தது. சோப்புக்கும் சினிமாவுக்கும் மொட்டை. சரி, கால் வைத்த எழுத்தில் அடித்தால் ஜனம் கேள்வி கேட்காமல் நம்பும் என்று அதையே வாங்கினேன். கணக்குத் தப்பவில்லை. டாக்டர் சீட்டு, பள்ளிக்கூடத்துப் பரிசுப் பத்திரம், ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெள்ளைக்காரர்கள் அடிக்கக் கொடுக்கிற சின்னச் சின்னப் புத்தகம் எல்லாம் அந்த ஒரே எழுத்தில்தான் ஓடின. காலையில் கருமாதிக்குக் கறுப்பு மையில் ஓடிய அதே எழுத்தைத் துடைத்து, மத்தியானம் கல்யாணத்துக்குச் சிவப்பு மையில் ஓட்டுவோம். எழுத்துக்குத் துக்கமும் தெரியாது, சந்தோஷமும் தெரியாது, எது கொடுத்தாலும் மரியாதையாக நிற்கும் என்பது மட்டும் அப்போதே எனக்குப் பிடித்திருந்தது.

வாங்கினதில் ஒரு ஏமாற்றம் இருந்தது உனக்குத் தெரியும். ஈய எழுத்து ஒரு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், அந்தப் பக்கம் அச்சாகிக் கலைக்கிற வரை வேறெங்கும் வராது. பெட்டியில் இருக்கிறது இருக்கிறதுதான். இங்கிலீஷ்காரன் பேச்சுக்கு எந்த எழுத்து எவ்வளவு செலவாகுமோ அந்தக் கணக்கில் கட்டி அனுப்பியிருந்தார்கள். 'இ' மூட்டையாக வந்தது. நாமோ அவன் எழுத்தில் நம் பேரை அடிக்கிறவர்கள். அருணாசலம், அண்ணாமலை, நாராயணன், ஞானம்மாள் என்று எதை எடுத்தாலும் 'ஏ'யும் 'என்'னும் தின்னும். முனுசாமி எழுத்துப் பெட்டியான கேஸில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, "மொதலாளி, இந்த ஊர்ல இருக்கிறவங்களுக்கு எல்லாம் பேர மாத்தி பீட்டர்னு வெச்சிடலாமா? 'இ' சும்மாவே கெடக்குது" என்பார். ஊர் பேரே பெரிய தீனிக்காரன். அதனால் நாங்கள் கார்டில் 'டி.வி. மலை' என்று போட்டு எழுத்தை மிச்சம் பிடிப்போம். மலையையே சுருக்கிய வியாபாரி உன் அப்பன்.

அப்புறம்தான் பச்சையம்மாள் வந்தார்கள். அடி அண்ணாமலை கிராமத்தில் நிலம் வைத்திருக்கிறவர்கள், தனி மனுஷியாகப் பயிர் செய்து மகனைப் படிக்க வைத்தவர்கள். அந்த மகனுக்குக் கல்யாணப் பத்திரிகை. டெல்லியில் பாங்கு வேலை, அவன் ஆபீஸுக்குக் கொடுக்க ஒரு பக்கம் இங்கிலீஷ் வேண்டும். மகன் பேர் ஜனார்த்தனன். எழுதிப் பார், எத்தனை 'என்' என்று. கடைசி 'என்'னுக்குப் பெட்டி காலி. மெட்ராஸுக்கு எழுதி வரவழைக்க நேரமில்லை, முகூர்த்த மாசம், வரிசையில் வேலை நிற்கிறது. நான்தான் முனுசாமியிடம் சொன்னேன்: "'யூ'வத் தலைகீழா நிறுத்து. எவன் பாக்கப் போறான்?" மொட்டை எழுத்தாக இருந்தால் ஒரு பிரம்மாவுக்கும் தெரிந்திருக்காது. முனுசாமி, "வேணாங்க, காலு காட்டிக் குடுத்துடும்" என்று இழுத்தார். "காலாவது கையாவது, ஓட்டுய்யா" என்றேன்.

கார்டை வாங்க வந்த பச்சையம்மாளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திருப்பி இந்தப் பக்கம் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"இன்னாங்க இது. எல்லாம் அடக்கமா நிக்குது. இது ஒண்ணு மட்டும் எங்கியோ கெளம்பறாப்பல நிக்குதே?"

"இங்கிலீஷ்ல அப்படித்தாம்மா வரும்."

"அப்ப பக்கத்துல அதே மாதிரி இருக்குதே, அது மட்டும் ஏன் ரெண்டு பக்கமும் காலப் பரப்பி நிக்குது? இதுக்கு ரெண்டு காலும் ஒரே பக்கமாத் திரும்பியிருக்குதே. செருப்ப மாட்டிக்கினு வாசலுக்குப் போறவனாட்டம்."

நீ அப்போது காலேஜ் விட்டு வந்து கல்லாப் பக்கம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அவங்க சொல்றது சரிப்பா" என்றாய், வாடிக்கையாளர் எதிரிலேயே. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பச்சையம்மாள் கார்டுக்கட்டை என் பக்கம் தள்ளி, "மொதப் பத்திரிகைய அண்ணாமலையார் காலாண்ட வைக்கணும். அதுல எம்புள்ள பேரு தலகீழா நிக்கலாமா? நீங்களே சொல்லுங்க" என்றார்கள். பஸ்ஸில் பார்சலாக 'என்' வந்து இறங்கிய பிறகு மொத்தமும் மறுபடி ஓடியது.

அந்த வாரம்தான் உனக்குப் பித்துப் பிடித்தது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய். கணக்குப் பாடத்துக்கு வாங்கிய கட்டம் போட்ட தாளில் ஒற்றை 'என்'னைத் தாள் முழுக்கப் பெரிதாக வரைந்தாய். உங்கம்மா, "படிக்கிற பொண்ணு ஒரே எழுத்தையே எழுதிக்கினு இருக்கறா, மந்திரவாதிகிட்ட காட்டலாமா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அச்சான தாளில் ஒரு வரியைக் காட்டி, "இந்த எழுத்தெல்லாம் சமமா இருக்குதாப்பா?" என்றாய். சமமாகத்தான் இருந்தது. ஸ்கேலை வைத்து மெல்லிசாக ஒரு கோடு போட்டாய். கண்ணாடி வழியே பார்த்தேன். உருண்டை 'ஓ' கோட்டுக்குக் கீழே துளி இறங்கியிருந்தது. மேலேயும் துளி ஏறியிருந்தது. வார்த்தவன் பிசகு என்று நினைத்து இன்னொரு 'ஓ'வைப் பார்த்தேன். அதுவும் அப்படி. எல்லாமே அப்படி.

"பிசகு இல்லப்பா. உருண்டைய சமமா வெச்சா கண்ணுக்குச் சின்னதாத் தெரியும். சமமாத் தெரியணும்னா கொஞ்சம் ஜாஸ்தி வெக்கணும்."

பாப்பா, தராசு பிடித்துப் பிழைத்தவன் நான். சமம் என்றால் முள் நடுவில் நிற்பது. முள் சொல்கிற சமம் வேறு, கண் சொல்கிற சமம் வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என்றைக்கோ, எந்தச் சீமையிலோ ஒருத்தன் உட்கார்ந்து, இந்த ஊரில் ஒரு பேப்பர்க் கடைக்காரன் கண் எப்படி ஏமாறும் என்று முன்னாலேயே யோசித்து, அந்த ஏமாற்றத்துக்குச் சரியாக ஒரு மயிரிழை கூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் முகம் எனக்குத் தெரியாது. அவனுக்கு என் ஊர் தெரியாது. என் கண் மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நீ கவனித்தாயோ என்னவோ, நான் கடைக்குப் போகிறேன் என்று எழுந்து கோயிலுக்குப் போனேன்.

ராஜகோபுரத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். தினமும் சைக்கிளில் கடந்து போகிற கோபுரம். மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போய், அப்புறமும் எங்கும் குறைந்ததாகத் தெரியாமல் நிற்கிறது. அடியில் நிற்கிறவன் கழுத்தை அறிந்தவன் கட்டியது. உள்ளே பிராகாரத்துச் சுவரில் கல்வெட்டு இருக்கிறதே, அது பக்கத்தில் போனேன். சாய்ந்து உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன் அந்தச் சுவரில். அன்று விரலை வைத்து ஒரு எழுத்தைத் தடவினேன். என்ன எழுத்தென்று தெரியவில்லை. உளி இறங்கிய இடம் ஆழமாகவும், விலகிய இடம் மேலாகவும் விரலுக்குத் தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்துக்குக் கால் வந்ததுகூடக் கல்லில் வெட்டின காலத்துப் பழக்கம் என்று எங்கோ படித்ததாக நீ சொன்னாய். அது எப்படியோ, எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனை வருஷம் நான் ஈயம் விற்கவில்லை, யார் யாரோ பார்த்த பார்வையை விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தோன்றியது. கூசிற்று. அதைவிட ஜாஸ்தியாகப் பெருமையாக இருந்தது.

இதெல்லாம் தெரிந்தும், பேப்பரில் விளம்பரம் பார்த்துத் தமிழ் எழுத்து வரைந்து பம்பாய்க்கு நீ அனுப்பினாய் என்றதும் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று கேட்பாய். பயம்தான், வேறென்ன. உன் மாமா, "எழுத்து எழுதறதுக்கு சம்பளமா? ஒண்ணாங்கிளாஸ்ல நாங்க எல்லாம் ஓசியிலதான எழுதினோம்" என்று கேட்டபோது நானும் சிரித்துவிட்டு, வரன் பார்க்கச் சொன்னேன். பெண் கண்ணுக்கெட்டிய தூரத்தில், போளூரில், பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடத்தில் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். அதில் உன் நன்மை கொஞ்சம், என் வசதி ஜாஸ்தி.

என்னைத் திருப்பியது போன வாரம் கடையில் நீ சொன்ன ஒரே ஒரு விஷயம். கம்பெனிக் கடிதத்தை வைத்துக்கொண்டு முனுசாமிக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். அங்கே ஈயமே கிடையாது, எழுத்து ஃபிலிமில் இருக்கும், வெளிச்சம் அது வழியாகப் போய்த் தாளில் விழும் என்றாய். "அப்போ 'ஏ' தீந்துட்டா?" என்றார் முனுசாமி. "தீராதுங்கண்ணா. ஒரே ஒரு 'ஏ' வரைஞ்சா போதும். எத்தினி வேணும்னாலும் அதுவே வரும்." முனுசாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார், நான் பார்த்தேன். நான் வியாபாரி அல்லவா, நஷ்டத்தைத்தான் முதலில் கேட்பேன். "அந்த ஒண்ண நீ தப்பா வரைஞ்சிட்டா?" என்றேன். "எல்லா எடத்துலயும் தப்பா வரும்ப்பா" என்றாய். சொல்லும்போது உன் குரல் இறங்கியது. பயந்துதான் சொன்னாய். அந்தப் பயம்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது. நீ வரைகிற ஒரு 'அ' எத்தனை ஊரில் எத்தனை அம்மாக்கள் பேரில், எத்தனை பேருடைய கல்யாணத்திலும் கருமாதியிலும் போய் நிற்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. மலையைச் சுற்றிவிடலாம், மலையை நிமிர்ந்து முழுசாகப் பார்க்க முடிவதில்லையே, அது மாதிரி.

போளூருக்கு நேற்று நானே போய்விட்டு வந்தேன். நல்ல மனிதர்கள், அதனால் வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. மில்லுக்காரர் டிபன் வைத்துவிட்டு, "எழுத்து வரையறதுக்கு பம்பாய் வரைக்கும் போவணுங்களா? எங்க மில்லு கணக்குப்புள்ளையும் நாளெல்லாம் எழுதிக்கினுதான் இருக்காரு" என்றார். மேசையில் அவர் மில் பில்புத்தகம் இருந்தது. எடுத்துக் காட்டி, "உங்க பேரு இது மேல எவ்ளோ கம்பீரமா நிக்குது பாருங்க. இந்த எழுத்த யாரோ ஒருத்தர் உக்காந்து வரைஞ்சிருக்காருங்க. அவரு வரையலன்னா உங்க பேரு வெறும் சத்தம்தான்" என்றேன். மனிதர் பில்புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் உள்ளே பார்த்து, "இன்னொரு தோசை கொண்டாம்மா" என்றார். அவ்வளவுதான் பதில். உன் மாமாவிடம் இன்று சொல்வேன். குதிப்பார், குதிக்கட்டும்.

ஆக, போய் வா. சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். சம்பளம் பேசும்போது முதலில் நீ தொகை சொல்லாதே, அவர்கள் சொன்னதும் உடனே முகத்தை மலர்த்தாதே. அறை பார்க்கப் போனால் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடு. யாராவது அவசரம் என்று சொல்லித் தலைகீழ் 'யூ'வைப் போடச் சொல்வான், என்னை மாதிரி ஒருத்தன் எல்லா ஆபீஸிலும் இருப்பான். அவனிடம் மரியாதையாக மாட்டேன் என்று சொல். நீ ஒரு நாள் சொன்னாய், தமிழுக்குக் கால் ஒட்ட வைக்கச் சொல்கிறார்கள், அது கூடாது, தமிழ் எழுத்து தன் சுழியிலேயே உட்கார்ந்துகொள்ளும் என்று. அந்தப் பிடிவாதத்தை விட்டுவிடாதே. அப்புறம், எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது, மருந்துச் சீட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறேன். நீ எழுத்து வரையும்போது கெட்ட கண்ணுக்கும் கொஞ்சம் இடம் வை.

உங்கம்மா புளிக்காய்ச்சல் பாட்டிலைத் துணிக்குள் சுற்றிக்கொண்டே அழுகிறாள். நான் அழவில்லை. பச்சையம்மாள் சொன்ன அந்த எழுத்துதான் கண்ணிலேயே நிற்கிறது. அவர்கள் கண்ணுக்கு அது தப்பாகத் தெரிந்தது, தப்புதான், மாற்றிக் கொடுத்தோம். ஆனால் அடக்கமாக நிற்கிற வரிசையில் ஒன்று மட்டும் இரண்டு காலையும் ஒரே பக்கம் திருப்பிக்கொண்டு

இந்த இடத்தில் முனுசாமி வந்து வாசலில் நிற்கிறார். கையில் அச்சுக் கோக்கிற காலிக் கட்டையோடு. "ஊருப்பட்ட 'நீ' எழுதியிருக்கீங்க மொதலாளி. தமிழ் கேஸ்ல 'நீ' தீந்தாப்பலதான். பாக்கியிருக்கறது ஒண்ணு ரெண்டுதான், இதுக்கு மேல அந்த எழுத்து வராமப் பாத்து எழுதுங்க" என்கிறார். கலைத்துப் போடு என்று சொல்லலாம். கலைக்க மனசில்லை. கோத்தது கோத்தபடியே நிற்கட்டும்.

அதனால் இதோடு முடிக்கிறேன், பாப்பா. பம்பாயில் முதலில் அந்த எழுத்தை வரை. தீராததாக ஒன்று. விலை என்னவென்று எழுது, அப்பன் என்று குறைக்காதே, பேரம் நான் பேசிக்கொள்கிறேன். முதல் ஆர்டர் தேரடித் தெருவிலிருந்து.

அப்பா